ஒரு தேதியைப் பார்க்காததால் வந்த வினை

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய எச்பி இசட்420 வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். உள்ளே இன்டெல் ஜியான் இ5-1620 பிராசசர் சிப், நாலு கோர். வீடியோ எடிட்டிங்குக்குப் போதவில்லை. சரி, ஆறு கோர் போடலாம் என்று இ5-1650 வி2 (அடுத்த தலைமுறை சிப்) வாங்கி வந்தேன். சிப் உட்காரும் சாக்கெட் அதே எல்ஜிஏ 2011 வகைதான், கச்சிதமாக உட்கார்ந்தது. பவர் கொடுத்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. ரேமைக் கழற்றி மாட்டினேன், செட்டிங்ஸை அழிக்க மதர்போர்டின் சிமாஸ் பேட்டரியை எடுத்துப் போட்டேன். ம்ஹூம்.

பழைய சிப்பையே திரும்பப் போட்டு, எஃப்10 அழுத்தி சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதில் 'பூட் பிளாக் டேட்' என்று ஒரு வரி, மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் நிரலின் தேதி. என்னுடையது 2011 டிசம்பர். 2013 மார்ச் தேதி இருந்தால்தான் இந்த போர்டு வி2 சிப்களை ஏற்கும். பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்தாலும் இந்தத் தேதி மாறாது. வாங்குமுன் அரை நிமிடம் பார்த்திருந்தால் போதும், என் அவசரம்.

கடைக்காரர் நல்ல மனிதர், 'வி2 வேணாம் சார், பழசையே எடுத்துக்கோங்க' என்று சாதா இ5-1650 மாற்றிக் கொடுத்தார். அதுவும் ஆறு கோர், முதலில் இருந்த சிப்பைப் போலவே 130 வாட்தான். சிப்பின் சூட்டை இழுக்க ஏற்கெனவே இருந்த ஹீட்சிங்க்கே தாங்கும்.

ஹீட்சிங்க்கைக் கழற்றுமுன் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், சிப்புக்கும் அதற்கும் நடுவில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் இளகும். திரும்ப மாட்டும்போது நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பழைய பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்தேன். முதல் தடவையிலேயே திரை வந்தது.