பெருவில் உள்ளூர் கைடுடன் சுற்றும்போது நாம் சறுக்கும் இடங்கள்

காலையில் லிமாவில் கடற்கரையோரம் காபி குடித்தவர், ஒன்றேகால் மணி நேர விமானத்தில் குஸ்கோ வந்து இறங்கும்போது சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் நிற்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் மாடிப்படி பத்து ஏறினாலே மூச்சு முட்டும். ஆனால் கையில் இருக்கும் திட்டத்தில் அன்று மதியமே ஊர் சுற்றல், மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வானவில் மலைக்குப் புறப்பாடு. வினிகுன்கா என்ற அந்த மலை 5,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இந்தத் திட்டத்தைப் போட்டவர் கைடு இல்லை, பெரும்பாலும் நாம்தான். 'நாலு நாளில் எல்லாம் பார்க்கணும்' என்று ஏஜென்சிக்குப் பட்டியல் அனுப்புகிறோம். அவர்களும் சரி என்று நாள்களுக்குள் திணித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெருவில் கைடுடன் சுற்றுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, கைடின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. முதல் தவறு இந்த உயர விஷயம். விமான நிலையத்திலிருந்து நேராகக் கீழே புனிதப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள். உருபாம்பா, ஓயந்தாய்தாம்போ எல்லாம் 2,900 மீட்டருக்குள்தான். அங்கே இரண்டு இரவு தங்கி, இன்காக்களின் பழைய மலைநகரமான மாச்சு பிச்சு பார்த்துவிட்டு (அது இன்னும் தாழ்வு, 2,430 மீட்டர்) குஸ்கோவுக்குத் திரும்பினால் உடம்பு பழகியிருக்கும். வானவில் மலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அப்புறம், தலைவலியை மறைக்காதீர்கள். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி: 'நம்மால் மத்தவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு' என்று வாயை மூடிக்கொண்டே ஏறுவோம். உயரம் தரும் இந்த நோயை அங்கே 'சொரோச்சே' என்பார்கள். நல்ல கைடு உங்கள் நடையையும் உதட்டு நிறத்தையும் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடுவார். ஆனால் உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, ஆஸ்துமா இருக்கிறது என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். கோகா இலைத் தேநீர் இதமாக இருக்கும், ஆனால் அதை மருந்தாக நினைக்கக் கூடாது. மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது விலை. குஸ்கோ நடுச்சதுக்கத்தில் லேமினேட் செய்த படங்களை நீட்டிக்கொண்டு வருகிறவர் கைடு இல்லை, டூர் விற்கிறவர். பெருவில் கைடு என்பது படித்துத் தகுதி பெற வேண்டிய தொழில். அதிகாரபூர்வ கைடிடம் அடையாள அட்டை இருக்கும், கேட்டால் காட்டுவார், கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரே இடத்துக்கு ஒருவர் பாதி விலை சொன்னால், மீதிப் பாதி எங்கே போயிற்று என்று பாருங்கள். பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் அதில் இருக்காது. குஸ்கோவின் கூட்டுச் சீட்டு பல ஆண்டுகளாக வெளிநாட்டவருக்கு 130 சோல் (சோல் என்பது பெருவின் பணம்). சாக்சாய்வாமான் கற்கோட்டை, பிசாக், ஓயந்தாய்தாம்போ, மொராய் உட்பட 16 இடங்கள் அதில் அடங்கும். மாராஸ் உப்புப் பாத்திகளும் கொரிகாஞ்சா சூரியக் கோயிலும் அதில் வராது, மாச்சு பிச்சு வரவே வராது. இது தெரியாமல் போனால் வாசலுக்கு வாசல் பர்ஸைத் திறந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாச்சு பிச்சு சீட்டில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்கே ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பது வழக்கம், நமக்கோ ஒன்றுகூட இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். படிவம் நிரப்புகிறவர் தனக்குத் தோன்றியபடி ஒன்றைப் போட்டுவிடுவார். வாசலில் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுகிறார்கள். பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்பி, 'இதில் உள்ளபடியே போடுங்கள்' என்று சொல்லுங்கள். சீட்டு வந்ததும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். நடுவில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதையும் எடுத்துப் போங்கள்.

2024 முதல் அந்த இடத்தை மூன்று சர்க்யூட்டுகளாகப் பிரித்து, அவற்றுக்குள்ளும் தனித்தனி வழிகள் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கனவு காணும் அந்தப் படம், பின்னால் கூர்மலை நிற்க முன்னால் ஊர் விரிந்து கிடப்பது, மேல்தளங்களிலிருந்து எடுப்பது. முதல் இரண்டு சர்க்யூட்டுகளில் அது கிடைக்கும். மூன்றாவது கீழே கீழேயே போகும். கீழ்வழிச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து 'மேலே கூட்டிப் போ' என்று கைடிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பாதை ஒருவழிதான். கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும். உள்ளே போகும் முன் முடித்துக்கொள்ளுங்கள்.

மாச்சு பிச்சுவுக்கு மலை வழியே நடந்து போகும் இன்கா பாதையில் நடக்க ஆசை இருந்தால் மாதக்கணக்கில் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சுமைதூக்கிகள், கைடுகள் எல்லோரையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்ற நிறுவனத்தோடு மட்டுமே போகலாம், பிப்ரவரியில் பாதை மூடியிருக்கும். இங்கே மலிவு தேடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். மிச்சமாகும் காசு, 4,215 மீட்டர் உயரக் கணவாய் வழியே உங்கள் கூடாரத்தையும் அடுப்பையும் சுமந்து போகிறவரின் முதுகிலிருந்து வருகிறது. ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் யார் தருகிறார்கள் என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். டிப்ஸை அவர்கள் கையிலேயே, சில்லறை சோல் நோட்டாகக் கொடுங்கள்.

சைவர்கள் 'நான் வெஜிடேரியன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது. அங்கே 'கார்னே' என்றால் பேச்சுவழக்கில் மாட்டிறைச்சி. 'கார்னே வேண்டாம்' என்றால் சிரித்த முகத்தோடு கோழி வரும். கினோவா சூப் பார்க்கச் சைவமாகத்தான் இருக்கும், ஆனால் கோழி வேகவைத்த தண்ணீரில் கொதித்திருக்கும். கறி, கோழி, மீன், இவை வெந்த தண்ணீர் எதுவும் வேண்டாம் என்று கைடிடம் விரல் மடக்கிச் சொல்லுங்கள், அவர் சமையல்கட்டில் போய்ப் பேசிக்கொள்வார். ஓயந்தாய்தாம்போவில் பெருமணிச் சோளக்கதிரை அவித்து, மேலே ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்துத் தருவார்கள். அதுவே ஒரு வேளைக்குப் போதும்.

கைடு கூட்டிப் போகும் கடையில் கமிஷன் இருக்கும், எந்த ஊரில்தான் இல்லை? கடைகள் வேண்டாமென்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். அல்பாக்கா என்பது ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கு; 'பேபி அல்பாக்கா' என்பது அதன் குட்டியின் ரோமம் அல்ல, இழையின் மென்மைக்கான பெயர். தெருவில் சல்லிசாகக் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை நூல்.

இதையெல்லாம்விடப் பெரிய வீணடிப்பு, கைடை ஒரு ஒலிபெருக்கி மாதிரி நடத்துவது. அவர் பேசும்போது செல்ஃபி எடுப்பது, பேசி முடித்ததும் 'இதை வேற்றுகிரகவாசிகள் கட்டினார்களாமே' என்று கேட்பது. சாக்சாய்வாமானில் நிற்கும் கைடுகள் பலர் இன்காக்களின் மொழியான கெச்சுவா பேசி வளர்ந்தவர்கள். அந்தக் கல்லைக் கல்லால் தட்டித் தட்டிப் பொருத்தியவர்கள் அவர்களுடைய முன்னோர்கள். நம் கோயிலில் நின்று யாராவது அப்படிக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? வேறு ஏதாவது கேளுங்கள். சாலையோரம் ஒரு வீட்டு வாசலில் நீளக் கம்பில் சிவப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கும். வண்டி பாட்டுக்கு அதைத் தாண்டிப் போய்விடும். 'அது என்ன?' என்று கேட்டால், உள்ளே சோளத்தைப் புளிக்கவைத்த சீச்சா விற்பனைக்கு இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது என்பார். நேரமிருந்தால் வண்டியை நிறுத்துவார். பெரிய கண்ணாடிக் குவளை வரும். குடிக்கும் முன் இரண்டு சொட்டு மண்ணில் ஊற்றுவார்கள், அது பூமித்தாய் பச்சமாமாவுக்கு.

திரும்பி வரும் வேலைகளையும் மறந்துவிடாதீர்கள். இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பெரு இருக்கிறது. ஊசி போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். கோகா இலை அங்கே சந்தையில் கீரை மாதிரி குவிந்து கிடக்கும், இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. தேநீர்ப் பொட்டலமும் அப்படித்தான். பையில் மீதி இருந்தால் கடைசி நாள் கைடிடமே கொடுத்துவிடுங்கள், அவருக்கு அது நாளைய மலைக்கு உதவும்.