தாத்தா பாட்டியின் பெட்டியைப் பிரிக்கும் முறை

வீட்டுப் பெரியவர் மறைந்தபின் நகையையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவதே பல வீடுகளில் நடக்கிறது. குடும்ப வரலாறு பெரும்பாலும் அந்த மீதியில்தான் இருக்கிறது. ஆகவே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கியதும், எது எதனோடு சேர்ந்திருந்தது என்பது தெரியும்படி, கலைப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்கும் அவசரம் வேண்டாம். விளிம்பிலும் கழுத்திலும் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், சீர் கொடுத்தவருடையதாக இருக்கலாம். தேய்க்கத் தேய்க்க அது மழுங்கிவிடும்.

பழைய தாள்களில் பெரும்பாலும் தமிழ் ஆண்டின் பெயர்தான் இருக்கும். அது 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், 'பிரபவ வருஷம்' என்பது 1867, 1927, 1987 ஆகிய எதில் தொடங்கியதாகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் 1910 முதல் 1936 வரை ஆண்ட ஐந்தாம் ஜார்ஜின் உருவம் இருந்தால், அது 1927இல் தொடங்கிய பிரபவ என்று துணியலாம்.

ஓலைச்சுவடி கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. கயிற்றை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலாதீர்கள். நீரோ மண்ணெண்ணெயோ படவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். எழுத்தே தெரியாத ஏட்டை வெற்று ஏடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். கீறலில் தடவிய மை போயிருக்கலாம், பயிற்சி பெற்றவர்கள் மீண்டும் மையிட்டு, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் எழுத்து துலங்கும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது என்பதால் நன்கு தமிழறிந்தவரும் தடுமாறுவார், சென்னையில் உ.வே.சா. நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால் ஆகியவற்றை அணுகுவதே முறை. படிக்க ஆளில்லை என்று ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டு நாம் இழந்த சுவடிகள் போதும்.

புகைப்படங்களை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். அத்தையோ பெரியப்பாவோ இருக்கும்போதே ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்கள் சொல்லும் பெயரையும் உறவையும் தனித்தாளில் பென்சிலால் குறித்து, படத்துடன் உறையில் வையுங்கள்.

பங்கு பிரிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களையும் நாணயங்களையும், 75 ஆண்டு கடந்த வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. அயல்நாட்டில் வாழும் பேரப்பிள்ளைகளுக்கு நல்ல படங்களை அனுப்பிவிட்டு, மூலத்தை இங்கேயே ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.