பழைய கீசரைக் கழற்றும் முன்

பெங்களூர் சி.வி.ராமன் நகர் வீட்டில் ஒரு நல்ல கீசரை நானே பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தேன். அதற்கு ஒன்பது வயது. ஒருநாள் காலையில் தண்ணீர் சுடவில்லை. "இத்தனை வருஷம் ஓடினதே பெரிசு சார், புதுசு போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். போட்டேன். அடுத்த மார்கழியில் மாடி வீட்டிலும் இதே கதை. அங்கே வந்த கிருஷ்ணகிரிக்கார மெக்கானிக் எம்சிபி சுவிட்சை இறக்கிக் கரண்டை நிறுத்திவிட்டு அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னப் பொத்தான் ஒன்றை அழுத்தினார். டக். சூடு அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டிவிடும் கட்அவுட் அது. "ஏன் விழுந்துச்சுன்னு பாக்காம விட்டா நாளைக்கும் விழும்" என்று, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினார். சில நூறு ரூபாயோடு முடிந்தது.

வயதைப் பார்த்து முடிவெடுத்ததுதான் என் தவறு. பார்க்க வேண்டியது டேங்கை. எலிமெண்ட் (தண்ணீரைச் சுட வைக்கும் காயில்), தெர்மோஸ்டாட், கேஸ்கட் (மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), வால்வு எல்லாமே மாற்றக்கூடியவை. டேங்க் ஓட்டையானால் மட்டும் கதை முடிந்தது. சுடுதண்ணீர்க் குழாயில் மட்டும் துருநிறம் வருகிறதா, வெளி ஓட்டின் இணைப்பில் துருக்கறையோடு சொட்டுகிறதா என்று பாருங்கள். அடியில் சொட்டினால் கேஸ்கட்டாகவும் இருக்கலாம். மூடியைத் திறந்து பார்க்காமல் தீர்ப்பு சொல்கிறவரை நம்ப வேண்டாம். டேங்கே போய்விட்டது என்று தெரிந்த பிறகு, வெல்டு வைத்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று நினைப்பது இதற்கு நேர் எதிரான தவறு. அழுத்தமும் கரண்டும் சேர்ந்திருக்கிற இடம் அது.

சேஃப்டி வால்வில் சொட்டுவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். 15 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சுடும்போது ஒரு டம்ளர் அளவுக்குப் பெருகும். அந்தத் தண்ணீர்தான் வால்வு வழியே வெளியேறுகிறது. சொட்டு நிற்கட்டும் என்று அந்த வாயை அடைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சுடாத நேரத்திலும் ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்றினால் போதும்.

கீசரைப் போட்டதும், கரண்ட் கசிந்தால் இணைப்பை வெட்டும் ஆர்சிசிபி விழுகிறதா? பெரும்பாலும் எலிமெண்டின் உறை விரிசல் விட்டு கரண்ட் தண்ணீரில் கசிகிறது என்று அர்த்தம். எலிமெண்டை மாற்றுங்கள். "அதை பைபாஸ் பண்ணிடறேன்" என்கிற எலக்ட்ரீஷியனை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெங்களூரில் கீசரின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். காவிரி இணைப்பு இருக்கும் தெருவில் நன்றாக ஓடுகிற மாடல், டேங்கர் லாரியையும் போர்வெல்லையும் நம்பியிருக்கும் அடுக்ககத்தில் சீக்கிரமே திணறும். என் புதிய கீசரை இரண்டாவது வருடம் திறந்தபோது, சுண்ணாம்புக் காளவாய்க்கு முன்னால் கொட்டிக் கிடப்பதுபோல் ஒரு பக்கெட் நிறைய வெள்ளைச் சில்லுகள் விழுந்தன. காயில் உப்புச் சட்டை போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போகும்போது விரல் கனம் இருந்த மெக்னீசியம் ராடு குடைக்கம்பி மாதிரி இளைத்திருந்தது. டேங்கின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அந்த ராடின் வேலை. அது தீர்ந்த நாளிலிருந்து துரு டேங்கைத் தின்ன ஆரம்பிக்கிறது. ராடை மாற்றாமல் கீசரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். நானும் அதில் ஒருவன்தான்.

"பழசு கரண்ட் குடிக்கும், அஞ்சு ஸ்டார் போடுங்க" என்ற பேச்சையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டரை 23 டிகிரியிலிருந்து 60க்குச் சுட வைக்க, புதிதோ பழசோ, சுமார் 0.65 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் காயிலுக்கு அது இருபது நிமிட வேலை. ஸ்டார் லேபிள் அளப்பது, சுட்ட தண்ணீர் சும்மா நிற்கும்போது வீணாகும் சூட்டை. நாள் முழுக்க ஆனிலேயே விடுகிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். குளிக்கப் போகும் முன் போட்டு, முடித்ததும் அணைக்கிறவருக்கு மிச்சமாவது சொற்பம். அதற்காக மட்டும் ஓடுகிற கீசரைக் கழற்ற மாட்டேன்.

கரண்டே வேண்டாம் என்று கேஸ் கீசருக்கு மாறுகிறவர்கள் அதைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. சின்ன ஜன்னலைத் திறந்து வைப்பதெல்லாம் போதாது. கீசரே வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

டேங்க் போய்த்தான் வாங்குகிறீர்கள் என்றால், பிரஷர் பம்ப் உள்ள கட்டடத்துக்கும் உயரமான அடுக்குமாடிக்கும் 8 பார் தண்ணீர் அழுத்தம் தாங்குமா என்று கேளுங்கள். கீசருக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 2082 இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி அட்டையில் டேங்குக்கு ஒரு கணக்கு, காயிலுக்கு வேறு கணக்கு போட்டிருப்பார்கள், இரண்டையும் தனித்தனியே படியுங்கள். மாட்டி முடித்த மெக்கானிக் கிளம்பும் முன், ராடைத் திறந்து பார்க்க வேண்டிய மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் கீசர் மேலேயே எழுதச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால், மாட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்தில் வரும் மாதத்தை எழுதினால் போதும்.