வலிக்கிற கண்ணை எடுத்த பிறகு: குழியைக் காப்பது எப்படி

பார்வை முழுவதும் போய், சொட்டு மருந்துக்கும் அடங்காமல் வலிக்கிற கண்ணை இரண்டு விதமாக எடுப்பார்கள். வெள்ளைவிழிக் கூட்டை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் வழித்தெடுத்தால் எவிசரேஷன். கண்நரம்பை வெட்டி விழியை முழுசாக எடுத்தால் எனூக்ளியேஷன். முதலாவதில் தசைகளைக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் செயற்கைக் கண் பொதுவாக நன்றாக அசையும். ஆனால் உள்ளே கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எவிசரேஷன் கூடாது. கூட்டைத் திறந்தால் புற்றுச் செல்கள் குழிக்குள் சிந்திவிடும். கருவிழி வெளுத்து உள்ளே எதுவும் தெரியாத கண்ணுக்கு பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்ததை பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அறுவைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. எந்தக் கண் என்பதை நோயாளி தன் வாயால் சொல்ல, அந்தப் பக்க நெற்றியில் குறி போட வேண்டும்.

விழி போன இடத்தில் பெரியவர்களுக்கு வழக்கமாக 18 முதல் 22 மி.மீ. உருண்டை ஒன்றை உள்ளே புதைத்து, மேலே தையல் போடுவார்கள். சின்ன உருண்டை வைத்தால் மேல் இமைக்கு அடியில் பள்ளம் விழும்.

இமைக்குள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வில்லைதான் கன்ஃபார்மர். பார்க்க ஒன்றுமில்லாத பொருள், ஆனால் பின்னால் கண் பொருந்துவதும் பொருந்தாததும் இதைப் பொறுத்ததுதான். இருமும்போதோ முகம் துடைக்கும்போதோ கழன்று விழலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொதித்து ஆறிய நீரில் கழுவி, மேல் இமையைத் தூக்கி வில்லையின் ஓரத்தை முதலில் உள்ளே செருகி, பிறகு கீழ் இமையை இழுத்துவிட்டால் உட்கார்ந்துகொள்ளும். வராவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சில நாள் வெறுமனே விட்டால் இமைப் பைகள் சுருங்கி, செயற்கைக் கண் நிற்க இடமிருக்காது.

எடுத்த கண்ணில் வெளிச்சம் மின்னுவதாகச் சிலர் சொல்வார்கள். அது மனப்பிரமை இல்லை, மூளை பழைய கண்ணை இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

6 முதல் 8 வாரத்தில் வீக்கம் வடிந்ததும் குழியை அச்செடுத்து அக்ரிலிக் கண் செய்வார்கள். கடையில் கிடைக்கும் ரெடிமேட் கண்ணில் இடைவெளி விழும், அங்கே சளி தேங்கும். அச்செடுத்துச் செய்த கண்ணைத் தினமும் கழற்றத் தேவையில்லை. அடிக்கடி கழற்றினால் பீளைதான் கூடும். கழற்றும்போது கீழே துண்டு விரித்துக்கொள்ளுங்கள், வாஷ்பேசின் ஓட்டையை அடைத்துவிடுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்தால் அக்ரிலிக்கில் கீறல் கீறலாக வெடிப்பு விழும். வருஷம் ஒருமுறை பாலிஷ் போட வேண்டும்.

நாற்றமுள்ள சீழ், புதிதாக இரத்தம், குழிக்குள் உருண்டை வெளியே தெரிவது: இவற்றுக்கு உடனே போக வேண்டும். நல்ல கண் சிவந்து, வெளிச்சத்தில் கூசி, மங்கினால் அதைவிட அவசரம். காயம்பட்ட கண்ணுக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி மற்ற கண்ணையும் தாக்குவது அபூர்வம் என்றாலும் உண்டு, மாதங்கள் கழித்தும் வரும். நல்ல கண்ணுக்குப் பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது கொஞ்ச நாளைக்குச் செம்பின் வாயை தம்ளர் விளிம்பில் தொட்டுவைத்து ஊற்றுங்கள். ஒற்றைக் கண்ணுக்கு இடைவெளி சட்டென்று பிடிபடாது.