எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் புற்றுநோய் போய்விடுமா?

யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், கனடாவில் இருக்கும் சித்தப்பாவிலிருந்து பக்கத்து வீட்டு அன்ரி வரைக்கும் ஒரே கதைதான்: "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கோ." முருங்கையிலை, கருஞ்சீரகம், கப்சூல் என்று வீடு நிறைந்துவிடும். முதல் தவறே இதுதான். பலருக்கு, கட்டியை அடையாளம் கண்ட டி செல்கள், அதாவது உடலின் எதிர்ப்புச் செல்கள், ஏற்கெனவே அதற்குள் நிற்கின்றன. ஆனால் அவற்றின் மேலுள்ள பிடி-1 என்ற ஏற்பியில் கட்டியின் பிடி-எல்1 புரதம் வந்து ஒட்டி, அடங்கு என்று சமிக்ஞை கொடுத்துவிடுகிறது. பிரேக்கை மிதித்தபடி அக்சிலரேட்டரை முறுக்கி என்ன பயன்? பெம்புரோலிசுமாப் மாதிரி ஊசிகள் செய்வது அந்த பிரேக்கை எடுப்பதுதான். இப்படித் தடையை நீக்கும் இம்யூனோதெரபி சிகிச்சைக்கு வழி திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, பிரேக்கை எடுத்தால் எல்லோருக்கும் சுகமாகிவிடுமா என்றால், இல்லை. மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் சில கட்டிகளில், பீட்டா-கட்டெனின் என்ற புரதத்தின் சமிக்ஞைப் பாதை ஓயாமல் இயங்குவதால், டி செல்களை உள்ளே அழைக்கும் டென்ட்ரிட்டிக் செல்களே அந்தப் பக்கம் வருவதில்லை. உள்ளே ஆளே இல்லாத இடத்தில் பிடி-1ஐ மறித்து ஆவது ஒன்றுமில்லை. ஊசி வேலை செய்யவில்லை என்றதும் 'மருந்து சரியில்லை' என்று முடிவுகட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

வெற்றிலையும் புகையிலையும் ஒன்றாகப் போடுகிற ஊர் எங்களுடையது, அதனால் வாய்ப் புற்றுநோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இந்த ஊசி கொடுப்பதற்கு முன் பிடி-எல்1 அளவு பார்ப்பார்கள். அந்த எண் கூடுதல் என்றதும் வீட்டார் பயந்துவிடுகிறார்கள். தேவையில்லை. டி செல்கள் தாக்கும்போது விடும் இன்டர்ஃபெரோன் காமா என்ற சமிக்ஞைப் புரதம், கட்டிச் செல்லின் ஜாக்-ஸ்டாட் என்ற சமிக்ஞைப் பாதை வழியாக கட்டியின் பிடி-எல்1ஐக் கூட்டுகிறது; அதாவது பல வேளைகளில் அது உள்ளே சண்டை நடப்பதற்கான அடையாளம்.

இன்னொரு சமிக்ஞைப் புரதமான டிஜிஎஃப்-பீட்டாவை முழு வில்லனாக எழுதுவதும் பிழை. ஆரம்பத்தில் அதே சமிக்ஞைதான் செல் பெருகுவதைத் தடுக்கிறது, முற்றிய பிறகுதான் கட்டியின் பக்கம் சாய்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. இந்த ஊசி போட்டவருக்கு வயிற்றோட்டம் வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பாமசியில் குளிசை வாங்கிக் கொடுத்துவிட்டு இருக்காதீர்கள். அவிழ்த்துவிட்ட டி செல்கள் குடலையே தாக்கிக்கொண்டிருக்கலாம், ஊசியை நிறுத்திச் சில மாதங்கள் போன பிறகும் இது வரலாம், பெரும்பாலும் ஸ்டீரொயிட் தேவைப்படும். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியோ வேறு ஆஸ்பத்திரியோ, போனதும் முதலில் சொல்ல வேண்டியது: "இவருக்குப் போட்டது கீமோ இல்லை, இம்யூனோதெரபி ஊசி."