ஓடும்போது காதைக் காலடியில் வையுங்கள்

புதிதாக நடக்கவோ ஓடவோ வருகிறவர்கள், என்ன ஷூ வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். விரல்களை நெருக்காமல், போட்டவுடனே வசதியாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, இயர்போனைக் கழற்றச் சொல்வேன். முதல் பத்து நிமிஷமாவது உங்கள் பாதம் தரையைத் தொடுகிற சத்தம் உங்கள் காதில் விழ வேண்டும்.

நடையில் தொடங்குங்கள். குதிகால் படுவது, எடை முன்பக்கம் நகர்வது, கடைசியில் பெருவிரல் தரையைத் தள்ளிவிட்டுக் கிளம்புவது. இதை முதலில் ஒரு காலில் மட்டும் கவனியுங்கள். நினைப்பு எங்காவது போய்விடும், போகட்டும். தெரிந்ததும் பாதத்துக்குத் திரும்புங்கள். அப்புறம் மற்றக் கால். இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறதா?

என்னோடு நடக்க வந்த அக்கா ஒருவருக்கு இடது கால் ‘தொப்’பென்று விழும், வலது காலில் சத்தமே இருக்காது. முன்பு எப்போதோ வலது கணுக்கால் பிசகியிருக்கிறது. வலி போய்விட்டது, ஆனால் அந்தக் காலை நம்பி எடையைப் போட உடம்பு தயங்குகிறது. வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னேன். சில விநாடிகளிலேயே தள்ளாடினார். சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவது என்று வீட்டிலேயே செய்து வந்தார். மெல்ல மெல்ல இரண்டு சத்தமும் ஒன்றாயின. இல்லாவிட்டால் அந்த இடது முழங்கால்தான் பாரத்தையெல்லாம் சுமந்திருக்கும்.

ஓட்டத்தில் இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. சத்தம் பலமாக இருந்தால், பாதம் இடுப்புக்கு ரொம்ப முன்னால் விழுகிறதா என்று பாருங்கள். அப்படி விழுந்தால் ஒவ்வொரு அடியும் பிரேக் போடுகிறது, அதை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. இதற்காக, தரையில் முதலில் பட வேண்டியது குதிகாலா, முன்பாதமா என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். ஒவ்வொரு அடியின் நீளத்தையும் கொஞ்சம் குறைத்தாலே போதும். வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை படுகிறது என்று எண்ணுங்கள். 40 என்றால் நிமிஷத்துக்கு 160 அடி. அதே வேகத்தில் 42 ஆக்கிப் பாருங்கள். அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறைகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். எல்லாரும் நிமிஷத்துக்கு 180 அடி வைத்தாக வேண்டும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. உயரத்துக்கும் வேகத்துக்கும் தக்கபடி அது மாறும்.

தோள், தாடை, கைவிரல் எல்லாம் தளர்ந்திருக்கட்டும். ஆனால் ஒரு ஓட்டத்தில் ஏதாவது ஒன்றை மட்டும் கவனியுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும்.

சில வாரம் ஓடியதும் மூச்சு பழகிவிடும், இன்னும் ஓடலாம் என்று ஆசை வரும். அப்போதுதான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தேறிவிடும்; எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

மறுநாள் கெண்டைக்காலில் வருகிற பொதுவான வலி இரண்டொரு நாளில் போய்விடும். காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியில் குதிகால் சுருக்கென்றால் தூரத்தைக் குறையுங்கள். வலிக்குப் பயந்து நடை மாறினால், நொண்டினால், அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால், எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.