உப்புச் சாலையில் புது பைக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் பனி உறையும் இரவென்றால், சாலையில் பனிக்கட்டி பிடிக்காமல் இருக்க உப்பு லாரிகள் இறங்கிவிடும். செஷர் பக்கம் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் வெட்டும் பழுப்பு நிறப் பாறை உப்பைத் தூவிக்கொண்டே போகும். இந்த வருஷமும் புது 125 சிசி பைக் வாங்கிய பையன்கள் அதன் மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். டயர் காற்று, கையுறை பற்றியெல்லாம் அவர்களுக்கே தெரியும். அந்த உப்பு வண்டியை அரிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றிச் சொல்கிறேன்.

"ஞாயிற்றுக்கிழமை கழுவிக்கலாம்"

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தெருவில் ஒரு தம்பி, உணவு டெலிவரி செய்கிறவன், நவம்பரில் வண்டி எடுத்தான். தினமும் ஈரத்தோடு வந்து நிறுத்தி, மேலே கவரைப் போட்டு மூடிவிடுவான். கேட்டால், "காய்ஞ்சிடும் அண்ணே."

காயாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். இங்கே குளிர்காலத்தில் பெரும்பாலான நாள் அதற்கு மேல்தான். வாரம் முழுக்க வண்டி ஊறுகாய் மாதிரி ஊறுகிறது. கவர் அந்த ஈரத்தைப் பத்திரமாகப் பிடித்து வைக்கிறது. பிப்ரவரியில் முன் பிரேக் காலிப்பரின் (பேடை டிஸ்கோடு அழுத்தும் பாகம்) பிஸ்டன் இறுகிவிட்டது. லீவரை விட்டாலும் பேட் டிஸ்கை விடவில்லை. டிஸ்க் சூடேறி நீலம் பாய்ந்தது. காலிப்பர், பேட், டிஸ்க் மூன்றும் புதிது போட வேண்டியதாயிற்று. வாரண்டி கேட்டுப் போனவனிடம், துரு பராமரிப்புக் குறைதான் என்று கையை விரித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் வேலை பத்து நிமிடம்தான். ஓட்டிய அன்றே, எக்ஸாஸ்ட் ஆறியதும், ஹோஸில் வெறும் பச்சைத் தண்ணீர். காலிப்பர், எக்ஸாஸ்ட் பைப்பின் முன்பகுதி, மட்கார்டின் உள்பக்கம், ஃபோர்க்கின் பளபளப்பான குழாய். பிறகு வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுங்கள்; தண்ணீர் நின்றால் ராத்திரி உறைந்துவிடும். (வாசலில் வழிந்த தண்ணீரும் உறையும். காலையில் பார்த்து இறங்குங்கள்.)

வெந்நீர்

வேண்டாம். சூட்டில் அரிப்பு வேகமாகும்.

பாத்திரம் கழுவும் திரவம்

அதைக் கெட்டியாக்கவே பல கம்பெனிகள் உப்பு சேர்க்கின்றன. வேறென்ன சொல்ல?

ஜெட் வாஷ்

பக்கத்தில் பிடித்து அடித்தால் ரப்பர் சீல்களைத் தாண்டி வீல் பேரிங், வயர் கனெக்டர், செயினின் ஓ-ரிங்குக்குள் (ரப்பர் வளையம்) உப்புத் தண்ணீரை நீங்களே ஏற்றுகிறீர்கள்.

துரு தடுப்பு ஸ்ப்ரேயைக் கண்ட இடத்தில் அடிப்பது

ஏசிஎஃப்-50 விமானங்களுக்காக வந்த சரக்கு, நன்றாகவே வேலை செய்யும். கழுவிக் காய்ந்த உலோகத்தில் மெல்லிசாகப் போடுங்கள். டிஸ்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, டயரில் பட்டால் வழுக்கும்; முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

"உப்பு போட்டாச்சு, வழுக்காது"

உப்பு லாரி பெரும்பாலும் மெயின் ரோட்டோடு சரி, உங்கள் சந்துக்கு வராது. வந்த இடத்திலும், வண்டிகள் ஓடி அரைத்தால்தான் உப்பு சரியாக வேலை செய்யும். மைனஸ் 8, 10 டிகிரிக்குக் கீழே போனால் அதுவும் சந்தேகம். புது டயரின் வழவழப்பு போக நூறு மைல் ஆகும். அதுவரை வளைவில் சாய்க்காதீர்கள்.

லாரி நின்ற பிறகும் உப்பு சாலையோரம் கிடக்கும். ரெண்டு மூன்று நல்ல மழை பெய்யும் வரை ஹோஸைச் சுருட்ட வேண்டாம்.